சோடியம் அயனி கேத்தோடு கணக்கு சொதப்பும்போது: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்க

டிஎஃப்டி (எலக்ட்ரான் அடர்த்தியை வைத்துப் பொருளின் ஆற்றலைக் கணிக்கும் குவான்டம் முறை) கணக்கு தப்பாகப் போனால் பெரும்பாலும் சத்தமே வராது. வேலை முடிந்திருக்கும், கோப்புகள் எல்லாம் ஒழுங்காக இருக்கும், ஆற்றல் எட்டு தசம இடம் வரை அச்சாகியிருக்கும், ஆனால் 3.7 பக்கம் வர வேண்டிய வோல்டேஜ் 2.4 என்று நிற்கும். உடனே கை போகிற இடம் ஹப்பார்டு யு மதிப்புதான், அதாவது டி-எலக்ட்ரான்களை அணுவோடு கட்டிப்போடச் சேர்க்கும் திருத்தம். அதை ஏற்றி இறக்கி, எண் பொருந்தியதும் நகர்ந்துவிடுகிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கேத்தோடு (பேட்டரியின் நேர்மின்முனை) கணக்கில் கோளாறு முக்கால்வாசி நேரம் இரண்டு இடத்தில்தான் இருக்கும்: எலக்ட்ரான் எந்த அணுவில் உட்கார்ந்திருக்கிறது, சோடியம் எந்தக் குழியில் உட்கார்ந்திருக்கிறது. இவை இரண்டையும் கண்ணால் பார்த்து முடித்த பிறகு யு, ஃபங்ஷனல் (எலக்ட்ரான்களின் ஊடாட்டத்துக்கு வைக்கும் தோராயச் சூத்திரம்) பற்றிப் பேசலாம்.

நான் வாஸ்ப் (டிஎஃப்டி நிரல்), பிபிஇ (ஃபங்ஷனல்) கூட்டல் யு, பைமேட்ஜென் (படிக அமைப்புகளைக் கையாளும் பைத்தான் தொகுப்பு) என்ற வழக்கமான கூட்டணியை வைத்து எழுதுகிறேன். வாஸ்பில் இன்கார் என்பது கட்டளைக் கோப்பு, போஸ்கார் தொடக்க அணு இடங்கள், காண்ட்கார் கடைசி அணு இடங்கள், போட்கார் ஒவ்வொரு தனிமத்துக்கும் உரிய பொட்டென்ஷியல், ஓசிஸ்கார் சுற்றுவாரியான ஆற்றல், அவுட்கார் விரிவான விடை. குவான்டம் எஸ்பிரெசோ பயன்படுத்துகிறவர்களுக்குக் கட்டளைப் பெயர்கள்தான் மாறும், அறிகுறிகள் அதேதான்.

ஓட்டுவதற்கு முன் ஒரு துண்டுத் தாள்

எடுத்துக்காட்டுக்கு ஒரே பொருளை வைத்துக்கொள்வோம்: பி2 வகை சோடியம் நிக்கல் மாங்கனீசு ஆக்சைடு. பி என்றால் சோடியம் பட்டகக் குழியில், ஓ என்றால் எண்முகிக் குழியில்; பின்னால் வரும் எண், எத்தனை அடுக்குக்கு ஒருமுறை அமைப்பு திரும்ப வருகிறது என்பது. ஒரு ஃபார்முலா அலகில் சோடியம் 2/3, நிக்கல் 1/3, மாங்கனீசு 2/3, ஆக்சிஜன் 2. இதிலிருக்கும் சோடியத்தைக் கிட்டத்தட்ட முழுவதும் எடுத்துத் திரும்பப் போடலாம் என்று 2001-இல் லூ, டான் இருவரும் காட்டினார்கள். கோட்பாட்டுக் கொள்ளளவு கிராமுக்கு 173 மில்லி ஆம்பியர் மணி. நிக்கலும் மாங்கனீசும் தேன்கூடு ஒழுங்கில் அடுக்கப்பட்டிருப்பதால் ரூட் 3 × ரூட் 3 செல் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அணுப்பெட்டி), இரண்டு அடுக்கு, ஆக 6 அலகு: சோடியம் 4, நிக்கல் 2, மாங்கனீசு 4, ஆக்சிஜன் 12.

இப்போது மின்சுமையைக் கூட்டுங்கள். ஆக்சிஜன் −24. சோடியம் +4. மாங்கனீசு 4+ என்றால் +16. மிச்சம் +4 இரண்டு நிக்கலுக்கு, அதாவது நிக்கல் 2+. சோடியம் முழுவதும் வெளியேறினால் மாங்கனீசு அசையாது, நிக்கல் 4+ ஆகிவிடும். இணையில்லாத எலக்ட்ரான் நிக்கல் 2+-இல் 2, லோ ஸ்பின் நிக்கல் 3+-இல் 1, நிக்கல் 4+-இல் எதுவுமில்லை, மாங்கனீசு 4+-இல் 3. எல்லா ஸ்பின்னும் ஒரே பக்கம் பார்க்கும் ஃபெரோ அமைப்பில் முழு செல்லின் காந்தத் திருப்புத்திறன் (இனி மொமென்ட்) 16 போர் மேக்னடான். ஒரு சோடியத்தை எடுத்தால் 15. நான்கையும் எடுத்தால் 12. 16, 15, 12 என்று தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையை அனுப்புங்கள். எந்தப் பொருளாக இருந்தாலும் இந்தத் தாள் இல்லாமல் ஓட்டினால், கீழே வருகிற அறிகுறிகளில் பாதியை உங்களால் அறிகுறி என்றே அடையாளம் காண முடியாது.

எஸ்சிஎஃப் 60 சுற்று ஓடியும் முடியவில்லை

எஸ்சிஎஃப் என்பது எலக்ட்ரான் அடர்த்தி மாறாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிடுவது. சுற்றை 200 ஆக்குவதற்கு முன் ஓசிஸ்கார் கோப்பைத் திறந்து பாருங்கள். ஆற்றல் ஒரே திசையில் மெதுவாக இறங்குகிறது என்றால் சரி, சுற்றைக் கூட்டினால் போதும். இரண்டு மதிப்புகளுக்கிடையே மேலும் கீழும் ஆடுகிறது, கூடவே மொத்த மொமென்ட்டும் ஆடுகிறது என்றால் ஆயிரம் சுற்று கொடுத்தாலும் அப்படியேதான் ஆடும்.

முதலில் பார்க்க வேண்டியது மேக்மாம், அதாவது ஒவ்வோர் அணுவுக்கும் நாம் கொடுக்கும் தொடக்க மொமென்ட். அதைக் கொடுக்காமல் விட்டால் வாஸ்ப் எல்லா அணுவுக்கும் 1 போட்டுத் தொடங்கும், சோடியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் சேர்த்து. மாங்கனீசுக்கு 4, நிக்கலுக்கு 2, இரும்புக்கு 5, சோடியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் 0 அல்லது மிகச் சிறிய எண் என்று எதிர்பார்க்கிற நிலைக்குச் சற்று மேலேயே வைத்துத் தொடங்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் சுற்றைத் தீர்க்கும் முறையான ஆல்கோவை ஆல் ஆக மாற்றுங்கள், நேரம் கூடும், ஆனால் பிடிவாதமான செல்லும் பெரும்பாலும் இதில் இறங்கிவிடும். இன்னும் ஆடினால் மிக்ஸிங் (பழைய அடர்த்தியோடு புதியதைக் கலக்கும் அளவு): ஏமிக்ஸ் 0.2, பிமிக்ஸ் 0.0001, ஏமிக்ஸ்_மேக் 0.8, பிமிக்ஸ்_மேக் 0.0001. யு போட்ட டி-எலக்ட்ரான் கணக்கில் எல்மேக்ஸ்மிக்ஸ் 4 இருக்க வேண்டும். அது இல்லாமல் பழைய சார்ஜ் கோப்பிலிருந்து தொடர்ந்தால் முதல் சுற்றுகளில் ஆற்றல் எகிறும்.

இவ்வளவு செய்தும் அடங்கவில்லை என்றால் அமைப்பிலேயே இரண்டு அணு மோதிக்கொண்டிருக்கும். சோடியம் பற்றிய பகுதிக்கு வாருங்கள்.

ரிலாக்ஸ் (அணுக்களை ஆற்றல் குறைந்த இடத்துக்கு நகர்த்தும் ஓட்டம்) நடுவில் இசட்பிரென்ட் என்று கத்தி நின்றால் பயப்பட வேண்டாம். காண்ட்காரை போஸ்காராக்கி, எஸ்சிஎஃப் சுற்றை நிறுத்தும் ஆற்றல் வரம்பான ஈடிஃப்-ஐ 10-இன் அடுக்கு −6-க்கு இறுக்கி, மறுபடி அனுப்புங்கள். விசையில் இரைச்சல் இருந்ததால் கோட்டுத் தேடல் தடுமாறியிருக்கும், அவ்வளவுதான்.

முடிந்துவிட்டது, ஆனால் மொமென்ட் எண்களுக்கு அர்த்தம் தெரியவில்லை

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். அவுட்கார் கடைசியில் அணுவாரியாக மொமென்ட் பட்டியல் இருக்கும். அணுவைச் சுற்றியுள்ள கோளத்துக்குள் மட்டும் எண்ணுவதால் முழு எண் வராது, அதற்காகக் குழம்ப வேண்டாம். யு போட்ட ஆக்சைடு கணக்குகளில் ஏறக்குறைய இப்படி வரும்: மாங்கனீசு 4+ என்றால் 3-ஐ ஒட்டி, மாங்கனீசு 3+ என்றால் 3.7 முதல் 3.9, நிக்கல் 2+ 1.7 பக்கம், நிக்கல் 3+ 1-ஐ ஒட்டி, ஹை ஸ்பின் இரும்பு 3+ 4.2 பக்கம், இரும்பு 2+ 3.7 பக்கம், வனேடியம் 3+ 1.9 பக்கம், குரோமியம் 3+ 2.9 பக்கம்.

நம் செல்லில் ஒரு சோடியத்தை எடுத்துவிட்டீர்கள். ஒரு நிக்கல் 1.7, இன்னொன்று 1 என்று வந்தால் எலக்ட்ரான் ஒரே அணுவிலிருந்து போயிருக்கிறது, அமைப்பு தெளிவாக இருக்கிறது. இரண்டுமே 1.35 என்று வந்தால்? கணக்கு அந்த ஓட்டையை (எலக்ட்ரான் போன காலியிடத்தை) இரண்டு நிக்கலுக்கும் சமமாகப் பங்கு போட்டுவிட்டது. அது உண்மையாகவும் இருக்கலாம், சமச்சீர் உங்கள் மேல் திணித்த பொய்யாகவும் இருக்கலாம். சமச்சீரைப் பயன்படுத்தச் சொல்லும் ஐசிம்-ஐ 0 ஆக்கி, ஒரு நிக்கலைச் சுற்றிய ஆறு ஆக்சிஜனையும் 0.05 ஆங்ஸ்ட்ராம் உள்ளே தள்ளி, அந்த நிக்கலுக்கு மேக்மாம் 1, மற்றதற்கு 2 கொடுத்து, பழைய அலைச்சார்புக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இரண்டில் ஆற்றல் குறைவாக வருவது எதுவோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய அலைச்சார்புக் கோப்பு அதே அடைவில் கிடந்தால் வாஸ்ப் அதைப் படித்துக்கொண்டு தொடங்கிவிடும், நீங்கள் மாற்றிய மேக்மாம் எதுவும் ஏறாது. இதைக் கவனிக்காமல் "எத்தனை முறை மாற்றியும் அதே விடைதான் வருகிறது" என்று புலம்புகிறவர்கள் நிறைய.

ஒரு மாங்கனீசு 3.8 என்று வந்து அதற்கு ஈடாக ஒரு நிக்கல் 1 ஆகிவிட்டது என்றால், நிக்கலில் இருந்த எலக்ட்ரான் மாங்கனீசுக்குத் தாவியிருக்கிறது. மின்சுமைக் கூட்டல் சரியாகவே இருக்கும், மொத்த மொமென்ட்டும் 16-ஆகவே நிற்கும், அதனால் மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். அணுவாரிப் பட்டியலைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

மொத்த மொமென்ட் 14.6 போல முழு எண்ணாக இல்லாமல் நின்றால், ஃபெர்மி மட்டத்தை ஏதோ ஒரு பட்டை வெட்டுகிறது, அதாவது கணக்கு பொருளை உலோகமாகப் பார்க்கிறது. மின்கடத்தா நிலையில் மொத்தம் முழு எண்ணாகத்தான் வர வேண்டும். சோடியம் கோபால்ட் ஆக்சைடு நிஜமாகவே உலோகம் போலக் கடத்தும், அங்கே இதைக் கண்டு அஞ்ச வேண்டாம், யு போடுவதைப் பற்றித்தான் இரண்டு முறை யோசிக்க வேண்டும். நிக்கல் மாங்கனீசு ஆக்சைடிலோ பாஸ்பேட்டிலோ வந்தால் எங்கோ தவறான நிலையில் சிக்கியிருக்கிறீர்கள்.

வனேடியம் 3+ இருக்கிற பாஸ்பேட்டில் இன்னொரு தொல்லை உண்டு. மூன்று டி2ஜி ஆர்பிட்டலில் இரண்டு எலக்ட்ரான், எந்த இரண்டில் உட்காருவது என்பதற்குப் பல விடைகள் உண்டு. மொமென்ட் எல்லாம் 1.9 என்று அழகாக இருக்கும், ஆற்றல் மட்டும் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். அமைப்பைச் சற்றுக் கலைத்து வெவ்வேறு தொடக்கத்திலிருந்து ஓட்டி, ஆகக் குறைந்த ஆற்றலைத் தேடுவதுதான் வழி. அல்லது எந்த ஆர்பிட்டலில் எத்தனை எலக்ட்ரான் என்று சொல்லும் ஆக்கிரமிப்பு மேட்ரிக்ஸைக் கையால் நிலைநிறுத்தித் தொடங்க வேண்டும்.

எண்முகியின் ஆறு பிணைப்பும் ஒரே நீளம்

சோடியம் மாங்கனீசு ஆக்சைடில் மாங்கனீசு 3+ இருக்கிறது, ஜான் டெல்லர் விளைவால் எண்முகி நீள வேண்டும். நான்கு பிணைப்பு சுமார் 1.93 ஆங்ஸ்ட்ராம், இரண்டு சுமார் 2.4. ஆறும் 2.07 பக்கம் ஒரே மாதிரி வந்தால், நீங்கள் ஆர்-3-பார்-எம் சமச்சீர் செல்லில் தொடங்கியிருக்கிறீர்கள், கணக்கு அந்தச் சமச்சீரை விட்டு வெளியே வரவே இல்லை. ரிலாக்ஸ் செய்யும்போது சமச்சீர் தானாக உடையாது, விசை சுழியாக இருக்கிற திசையில் அணு நகராது. சி2/எம் மோனோகிளினிக் செல்லில் தொடங்குங்கள், அல்லது அணுக்களைக் கொஞ்சம் உலுக்கிவிட்டு ஐசிம் 0 போடுங்கள். சோடியம் நிக்கல் ஆக்சைடும் அறை வெப்பத்தில் மோனோகிளினிக்தான், அதே மருந்து.

வோல்டேஜ் தப்பு

தப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும், அதனால் "வோல்டேஜ் சரியில்லை" என்று மொத்தமாகச் சொல்லாமல் வளைவை வரைந்து பாருங்கள். சூத்திரம் இதுதான்: சோடியம் குறைந்த செல்லின் ஆற்றலோடு, வெளியே எடுத்த சோடியம் எண்ணிக்கையை பிசிசி சோடியம் உலோகத்தின் ஓர் அணு ஆற்றலால் பெருக்கிக் கூட்டி, சோடியம் நிறைந்த செல்லின் ஆற்றலைக் கழித்து, அதே எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

விடை நெகட்டிவாகவோ 7, 8 என்றோ வந்தால் குவான்டம் இயற்பியலில் எந்தக் குறையும் இல்லை, கூட்டல் கழித்தலில் இருக்கிறது. இரண்டு செல்லிலும் ஃபார்முலா அலகு எண்ணிக்கை வேறாக இருக்கும், அல்லது குறி மாறியிருக்கும்.

வளைவு முழுவதும் ஒரே அளவுக்கு மேலேயோ கீழேயோ தள்ளி நிற்கிறது என்றால் சோடியம் உலோகத்தின் ஆற்றலைச் சந்தேகப்படுங்கள். பிபிஇ-யில் அது அணுவுக்கு சுமார் −1.3 எலக்ட்ரான் வோல்ட். அங்கே 0.1 பிசகினால் வளைவு முழுவதும் 0.1 வோல்ட் நகரும். பிசகக் காரணம் பெரும்பாலும் போட்கார்: ஆக்சைடில் 7 வேலன்ஸ் எலக்ட்ரான் கொண்ட பிவி வகை, உலோகத்தில் 1 எலக்ட்ரான் கொண்ட சாதா வகை என்று கலந்திருக்கும். இரண்டிலும் ஒரே வகை இருக்க வேண்டும். உலோகத்துக்கு கே-புள்ளி (எலக்ட்ரான் அலைகளைக் கணக்கிடும் மாதிரிப் புள்ளி) அடர்த்தி நிறையத் தேவை என்பதையும் மறக்க வேண்டாம்.

வளைவு முழுக்கத் தாழ்வாக, சுமார் அரை வோல்ட்டோ அதற்கு மேலோ குறைவாக, ஆனால் வடிவம் சரியாக இருக்கிறது என்றால் யு ஏறவே இல்லை. வெறும் பிபிஇ டி-எலக்ட்ரானை அளவுக்கு மீறிப் பரப்பிவிடும், அதனால் இடைநிலை உலோக ஆக்சைடுகளின் வோல்டேஜைக் குறைத்துக் காட்டும். மெட்டீரியல்ஸ் புராஜெக்ட் ஆக்சைடுகளுக்குப் பயன்படுத்தும் யு மதிப்புகள் மாங்கனீசு 3.9, இரும்பு 5.3, நிக்கல் 6.2, வனேடியம் 3.25, குரோமியம் 3.7, கோபால்ட் 3.32. இவற்றை எடுத்தால் எல்லாப் புள்ளிக்கும் இவையே இருக்க வேண்டும். வெவ்வேறு யு போட்ட இரண்டு ஆற்றல்களைக் கழிப்பதில் அர்த்தமே இல்லை.

சோடியம் முழுவதும் எடுத்த முனையில் மட்டும் எண் தறிகெட்டுப் போகிறதா? இதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் இந்தப் பொறியில் விழாத ஆய்வுக்கூடம் இருக்காது என்றே நினைக்கிறேன். நிறைந்த செல்லில் வரிசை சோடியம், நிக்கல், மாங்கனீசு, ஆக்சிஜன், யு வரி 0 6.2 3.9 0, எந்த ஆர்பிட்டலுக்கு யு என்று சொல்லும் எல் வரி −1 2 2 −1 (2 என்றால் டி, −1 என்றால் யு இல்லை). சோடியம் போனதும் போஸ்காரில் மூன்று தனிமம்தான். பழைய இன்காரை அப்படியே பிரதி எடுத்தால் முதல் எண் நிக்கலுக்குப் போகும்: நிக்கலுக்கு யு இல்லை, மாங்கனீசுக்கு 6.2, ஆக்சிஜனின் டி-ஆர்பிட்டலுக்கு 3.9. எண்கள் குறைவாக இருந்தால் நிரல் நின்றுவிடும், கூடுதலாக இருந்தால் பல நேரம் ஒரு புகாரும் சொல்லாது. மேக்மாம் வரியும் அதே மாதிரி நான்கு இடம் தள்ளிப்போயிருக்கும். அவுட்காரில் எந்தத் தனிமத்துக்கு எந்த யு என்று அச்சாகியிருக்கிற இடத்தை ஒவ்வொரு முனையிலும் கண்ணால் பாருங்கள். இன்காரைக் கையால் எழுதாமல் தனிமப் பெயரை வைத்து உருவாக்குகிற சிறு ஸ்கிரிப்ட் ஒன்று எழுதிவிட்டால் இந்தத் தொல்லை நிரந்தரமாகத் தீரும்.

முனை எண் தறிகெடவில்லை, ஆனால் 4.2 வோல்ட் பக்கம் இருக்க வேண்டிய கடைசிப் படி உயர்ந்து நிற்கிறது என்றால் வேறு காரணம். இந்தப் பொருள் அந்த இடத்தில் பி2-விலிருந்து ஓ2-வாக மாறுகிறது, அடுக்குகள் சறுக்கி சோடியம் இருந்த பட்டகக் குழிகள் எண்முகிக் குழிகளாகின்றன. நீங்கள் பி2 செல்லிலிருந்து சோடியத்தை உருவி ரிலாக்ஸ் செய்தால் அடுக்கு தானாகச் சறுக்காது, உயரமான ஆற்றலில் மாட்டிக்கொள்ளும், வோல்டேஜ் கூடும். ஓ2 செல்லைத் தனியாகக் கட்ட வேண்டும்: இரண்டு அடுக்கில் ஒன்றை மட்டும் சிறிய செல்லின் அச்சுகளில் 1/3, 2/3 நகர்த்துங்கள். சிறிய செல்லின் அச்சு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரூட் 3 செல்லின் அச்சில் 1/3, 2/3 நகர்த்தினால் அது சிறிய செல்லின் ஒரு முழு இடப்பெயர்ச்சி, ஆக்சிஜன் அடுக்கல் துளிகூட மாறாது, நிக்கல் மாங்கனீசு ஒழுங்கு மட்டும் இடம் மாறும். "ஓ2-வுக்கும் பி2-வுக்கும் ஆற்றலில் வித்தியாசமே இல்லையே" என்று வந்தால் இதைத்தான் செய்திருப்பீர்கள். ஓ3 பொருள்கள் பாதி சோடியத்தில் பி3 ஆவதற்கும் இதே கதைதான்.

வளைவு படிப்படியாக இறங்காமல் ரம்பப் பல் போல ஏறி இறங்குகிறதா? சோடியம் சேரச் சேர வோல்டேஜ் ஏறாது, ஏறக் கூடாது. கான்வெக்ஸ் ஹல் (நிலைக்கக்கூடிய அமைப்புகளை இணைக்கும் ஆகக் கீழான ஆற்றல் கோடு) மேல் இல்லாத புள்ளிகளையும் சேர்த்து வரைந்திருக்கிறீர்கள். உருவாக்க ஆற்றலை இரண்டு முனைகளை வைத்துக் கணக்கிட்டு, ஹல்லில் நிற்கும் அமைப்புகளை மட்டும் எடுத்து, அடுத்தடுத்த ஜோடிகளுக்கு வோல்டேஜ் போடுங்கள். சிறு படிகளில் பிழை பெருகும் என்பதையும் மனதில் வையுங்கள்: ஃபார்முலா அலகுக்கு 10 மில்லி எலக்ட்ரான் வோல்ட் பிசகு, சோடியம் வித்தியாசம் 1/6 என்றால் வோல்டேஜில் 60 மில்லி வோல்ட். ஒரு புள்ளி ஃபெரோ, அடுத்த புள்ளி ஆன்டிஃபெரோ என்று கலந்திருந்தாலே இவ்வளவு பிசகு எளிதாக வந்துவிடும்.

கடைசியாக ஒரு மேலோட்டச் சோதனை. அதே அமைப்பில் லித்தியத்தைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். 2011-இல் ஓங்கும் கூட்டாளிகளும் பல அமைப்புகளைக் கணக்கிட்டதில் சோடியம் வோல்டேஜ் லித்தியத்தைவிட 0.18 முதல் 0.57 வோல்ட் குறைவாக வந்தது. உங்களுக்கு சோடியம் அதிகமாக வந்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள்.

சோடியம் பறந்துபோகிறது, அல்லது தொடக்கத்திலேயே மோதுகிறது

பி2 அமைப்பில் சோடியத்துக்கு இரண்டு வகைக் குழி. ஒன்று உலோக எண்முகிகளோடு முகத்தைப் பகிர்கிறது, மற்றது விளிம்பைப் பகிர்கிறது. பக்கத்துப் பக்கத்து முகக்குழிக்கும் விளிம்புக்குழிக்கும் இடைவெளி அச்சு நீளம் 2.89-ஐ ரூட் 3-ஆல் வகுத்தால் வருவது, வெறும் 1.67 ஆங்ஸ்ட்ராம். இரண்டிலும் ஒரே நேரத்தில் சோடியம் உட்கார முடியாது. படிக அமைப்பைத் தரும் சிஐஎஃப் கோப்பில் இரண்டுக்கும் பகுதி ஆக்கிரமிப்புதான் எழுதியிருக்கும். அதை வெஸ்டாவில் (படிகத்தை வரைந்து காட்டும் நிரல்) திறந்து அப்படியே போஸ்காராக ஏற்றுமதி செய்தால் எல்லாக் குழியிலும் சோடியம் நிரம்பி வரும், கணக்கு முதல் அடியிலேயே வெடிக்கும். போஸ்காரில் உள்ள அணு எண்ணிக்கையை ஃபார்முலாவோடு ஒப்பிட்டால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சோடியம் வனேடியம் பாஸ்பேட்டிலும் இதே வலை. சோடியத்துக்கு உரிய 6பி, 18இ என்ற இரு வகைக் குழிகளையும் முழுவதும் நிரப்பினால் ஃபார்முலாவில் 3-க்குப் பதில் 4 சோடியம் வந்துவிடும், வனேடியம் 2.5+ ஆகிவிடும், மொமென்ட் ஏன் இப்படி வருகிறது என்று நாள் கணக்கில் தேடுவீர்கள். பகுதி ஆக்கிரமிப்பை ஒழுங்கான அமைப்புகளாகப் பிரித்து, ஈவால்ட் மின்னிலை ஆற்றல் (அயனிகளை வெறும் மின்சுமைப் புள்ளிகளாக எடுத்துப் போடும் விரைவுக் கணக்கு) வரிசையில் முதல் சிலவற்றை மட்டும் டிஎஃப்டிக்கு அனுப்புங்கள், பைமேட்ஜெனில் இதற்கு வசதி இருக்கிறது. ஆனால் ஈவால்ட் வரிசையில் முதலாவது வந்ததையே விடை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், டிஎஃப்டியில் வரிசை மாறும். நம் நிக்கல் மாங்கனீசு ஆக்சைடில் 2/3 சோடியத்தில் பெரிய ஜிக்ஜாக், 1/2-இல் வரிசை வரிசையாக என்று அறியப்பட்ட ஒழுங்குகள் இருக்கின்றன. ஜிக்ஜாக் நம் 6 அலகு செல்லில் அடங்காது, பெரிய செல் வேண்டும். சிறிய செல்லில் கிடைத்த ஆகக் குறைந்த ஆற்றல் அந்த செல்லுக்கு மட்டும்தான் குறைந்தது.

ரிலாக்ஸ் முடிந்ததும் சோடியம் தொடங்கிய குழியிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். முகக்குழியிலிருந்து பக்கத்துக் குழிக்கு உருண்டுபோவது சர்வசாதாரணம், அப்படிப் போனால் நீங்கள் நினைக்கிற ஒழுங்கின் ஆற்றல் உங்கள் கையில் இல்லை.

சி அச்சு ஒத்துப்போகவில்லை

சோடியம் நிறைந்திருக்கும்போது பி2-வின் சி அச்சு 11.1, 11.2 பக்கம் சரியாக வருகிறது, சோடியம் போனதும் மட்டும் அடுக்குகள் ஊதிப்போய் நிற்கின்றன. சோடியம் இல்லாத இடைவெளியில் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிப்பது வாண்டர்வால்ஸ் விசைதான், பிபிஇ அதைப் பார்ப்பதில்லை. டி3 திருத்தம் போடுங்கள், ஐவிடிடபிள்யூ 12. போட்டால் எல்லாப் புள்ளிக்கும், சோடியம் உலோகத்துக்கும் சேர்த்துப் போட வேண்டும். ஊதுவது எல்லாமே தவறு என்று எண்ணவும் வேண்டாம்: சோடியம் பாதி போகும்வரை எதிரெதிர் ஆக்சிஜன்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் சி அச்சு நிஜத்திலும் கூடும், கடைசியில்தான் சரியும்.

மறுபடி ஓட்டினால் ஆற்றல் மாறுகிறது

ரிலாக்ஸ் முடிந்த அமைப்பை எடுத்து ஸ்டேட்டிக் (அணுக்களை நகர்த்தாத கணக்கு) ஓட்டினால் வேறு ஆற்றல். செல் அளவு மாறியபோதும் அலைத் தொகுதி தொடக்க செல்லுக்கு உரியதாகவே இருந்ததால் வரும் புலே அழுத்தம் இது. அலைத் தொகுதியின் அளவைத் தீர்மானிக்கும் என்கட் 520 வைத்து, ரிலாக்ஸை இரண்டு மூன்று முறை புதிதாகத் தொடங்கி, கடைசியில் ஒரு ஸ்டேட்டிக் ஓட்டி அந்த ஆற்றலை மட்டும் பயன்படுத்துங்கள். சோடியம் கேத்தோடில் செல் அளவு நிறைய மாறும், அதனால் இதை அலட்சியம் செய்ய முடியாது.

என்இபி-யில் தடை ஆற்றல் விசித்திரமாக இருக்கிறது

என்இபி என்பது அணு ஒரு குழியிலிருந்து அடுத்ததற்குப் போகும் பாதையை இடைப்பட்ட அமைப்புகளாகப் பிரித்துத் தடையைக் கணிக்கும் முறை. முதலில் மிகச் சாதாரணமான காரணம்: தொடக்க அமைப்பிலும் முடிவு அமைப்பிலும் அணு எண் வரிசை வேறாக இருக்கும், ஓர் ஆக்சிஜன் செல்லின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பயணம் செய்யும். இடைப்பட்ட அமைப்புகளை ஒன்றாக வைத்து அசைவுப் படமாகப் பார்த்தால் உடனே தெரியும்.

இரண்டு முனையும் சமச்சீரால் ஒன்றேயாக இருக்க வேண்டிய இடத்தில் ஆற்றல் வேறாக வருகிறது, அல்லது வளைவின் நடுவில் வெடுக்கென்று ஒரு குதிப்பு. யு போட்ட கணக்கில் சோடியம் வெற்றிடத்தின் பக்கத்து நிக்கலில் ஓட்டை உட்கார்ந்திருக்கும், சோடியம் நகரும்போது அந்த ஓட்டையும் வேறு நிக்கலுக்குத் தாவும். நீங்கள் அளப்பது சோடியத்தின் தடையும் எலக்ட்ரானின் தடையும் கலந்த ஒன்று. ஒவ்வோர் இடைப்புள்ளியிலும் மொமென்ட் பட்டியலைப் பாருங்கள், ஓட்டை இரு முனையிலும் ஒரே அணுவில் இருக்கும்படி அமையுங்கள். அயனித் தடைக்கு மட்டும் யு இல்லாமல் ஓட்டுவது பலரும் கடைப்பிடிக்கிற வழிதான், அதை அறிக்கையில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

செல் சிறிதாக இருந்தால் நகரும் சோடியம் தன் பிம்பத்தையே தள்ளும். எல்லாப் பக்கமும் குறைந்தது 8, முடிந்தால் 10 ஆங்ஸ்ட்ராம் வையுங்கள். ஓ3 அமைப்பில் நேர்கோட்டில் இடைப்புள்ளி போட்டால் இரண்டு ஆக்சிஜனுக்கு நடுவே நுழையும் பாதையில் மாட்டிக்கொண்டு தடை அதிகமாக வரலாம். பக்கத்தில் இரண்டு வெற்றிடம் இருந்தால் நான்முகிக் குழி வழியாகப் போவது எளிது, அந்தப் பாதையையும் தனியாக ஓட்டிப் பாருங்கள்.

மாலிக்யூலர் டைனமிக்ஸில் சோடியம் அசையவே இல்லை

அணுக்களின் அசைவை நேரத்தோடு பின்தொடரும் இந்தக் கணக்கை 300 கெல்வினில் 50 பிகோ நொடி ஓட்டிவிட்டு "இந்தப் பொருளில் சோடியம் நகராது" என்று முடிவு கட்டியவர்கள் இந்த எண்ணைப் பாருங்கள். தடை 0.3 எலக்ட்ரான் வோல்ட், நொடிக்கு 10-இன் அடுக்கு 13 முயற்சி என்று வைத்தால் 300 கெல்வினில் ஒரு சோடியம் ஒருமுறை தாவ சுமார் 11 நானோ நொடி ஆகும். 1000 கெல்வினில் அதே தாவலுக்கு 3 பிகோ நொடி. அதனால்தான் 600 முதல் 1200 வரை பல வெப்பநிலைகளில் ஓட்டி அர்ரீனியஸ் கோட்டை (வெப்பநிலையோடு பரவல் மாறுவதைக் காட்டும் கோடு) அறை வெப்பத்துக்கு நீட்டுகிறோம். நீட்டும் முன், அதிக வெப்பத்தில் அடுக்குகள் சறுக்கி வேறு கட்டமாக மாறிவிடவில்லை என்று உறுதி செய்யுங்கள், மாறியிருந்தால் அந்தக் கோடு இரண்டு பொருள்களின் எண்களை இணைக்கிறது.

நீண்ட ஓட்டத்துக்கு 2023-இல் வந்த சிஎச்ஜிநெட் போன்ற இயந்திரக் கற்றல் பொட்டென்ஷியல்கள் நல்ல துணை, சிஎச்ஜிநெட் மொமென்ட்டையும் சேர்த்துக் கற்றது என்பதால் கேத்தோடு வேலைக்கு எனக்குப் பிடித்தமானதும்கூட. ஆனால் இப்படிப் பொதுவாகப் பயிற்சி பெற்றவை ஆற்றல் பரப்பைச் சற்று மென்மையாகக் காட்டும் பழக்கம் உண்டு, தடை குறைவாக வரும். ஓட்டத்திலிருந்து சில அமைப்புகளை உருவி டிஎஃப்டியில் விசையை ஒப்பிடாமல் அந்தப் பரவல் எண்ணை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஆக்சிஜனில் மொமென்ட் தெரிகிறது

சோடியம் மக்னீசியம் மாங்கனீசு ஆக்சைடு போன்ற பொருள்களில் மாங்கனீசு ஏற்கெனவே 4+, இனி எலக்ட்ரான் கொடுக்க வேண்டியது ஆக்சிஜன்தான். மாங்கனீசுக்கு மட்டும் யு போட்ட பிபிஇ அந்த ஓட்டையை எல்லா ஆக்சிஜன் மேலும் மெல்லப் பூசிவிடும், வோல்டேஜும் தாழும். இங்கே மட்டும் நான் முதலில் சொன்னதற்கு விலக்கு உண்டு, ஃபங்ஷனலையே மாற்ற வேண்டும்: எச்எஸ்இ06 என்ற ஹைப்ரிட் ஃபங்ஷனலில், சமச்சீரை உடைத்த செல்லில், மக்னீசியத்தின் பக்கத்து ஆக்சிஜன் ஒன்றைக் கொஞ்சம் நகர்த்தித் தொடங்குங்கள். செலவு அதிகம்தான், அதனால் பிபிஇ-யில் அமைப்புகளை வடிகட்டிவிட்டுக் கடைசிச் சிலவற்றுக்கு மட்டும் வையுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பிடிபடாமல் யாரிடமாவது கேட்கப் போகிறீர்கள் என்றால், கூடவே இவற்றை அனுப்புங்கள்: போஸ்காரின் தனிம வரிசை, இன்காரின் யு வரியும் மேக்மாம் வரியும், எந்தப் போட்கார், கடைசி மொமென்ட் பட்டியல், ரிலாக்ஸுக்கு முன்னும் பின்னும் அமைப்பு. வெறும் வோல்டேஜ் எண்ணை மட்டும் அனுப்பினால் பதில் சொல்கிறவர் முதலில் கேட்கப் போவதும் இவற்றைத்தான்.